15 வயதுப் பிள்ளைக்கு என் கடையில் சைடர் (பழ மது) விற்றுவிட்டோம். இனி நடக்காமலிருக்க என்ன செய்யலாம்?

#1 மூலைக்கடை

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் 14 வருடமாகக் கடை நடத்துகிறேன். பால், பாண், பேப்பர், லொத்தர், சிகரெட், குடிவகை எல்லாம் உள்ள சின்ன மூலைக்கடை. நான்கு கிழமைக்கு முன்னர் டெஸ்ட் பர்ச்சேசில், அதாவது வயது குறைந்த பிள்ளையை அனுப்பி வாங்கிப் பார்க்கும் சோதனையில், என் கடை மாட்டிவிட்டது. வெளியில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இங்கே கடைக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் 6.40. டில்லில் (காசு வாங்கும் இடத்தில்) நின்றது இங்கே மாஸ்டர்ஸ் படிக்க வந்த பெடியன். நல்ல பிள்ளை, ஒரு பென்ஸ் கணக்குப் பிசகாது. நான் பின்னால் ஸ்டோரில் பெட்டி பிரித்துக்கொண்டு நின்றேன். லைன் கதவு வரைக்கும். ஒரு அம்மாவின் கேஸ் கார்ட் டொப்அப் இரண்டு தரம் ஏற்கவில்லை, அதற்குப் பின்னால் நின்றவர் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அப்போது ஒரு பிள்ளை இரண்டு போத்தல் ஸ்ட்ரோபெரி சைடரைக் கொண்டுவந்து வைத்தாள். ஸ்கான் பண்ணியதும் "25 வயதுக்குக் குறைவாகத் தெரிகிறாரா?" என்று டில் கேட்டது. பெடியன் பச்சையை அழுத்திவிட்டான். கமராவைப் போட்டுப் பார்த்தேன். அவன் அந்தப் பிள்ளையின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. காசை வாங்கி மிச்சத்தைக் கொடுத்து, பத்து செக்கனுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இரண்டு நிமிடத்தில் ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் (கடைகளைக் கண்காணிக்கும் கவுன்சில் பிரிவு) ஆட்கள் உள்ளே வந்து அட்டையைக் காட்டினார்கள். அந்தப் பிள்ளைக்கு 15 வயதாம்.

என் மகளுக்கும் 15 வயதுதான். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அவள் எனக்கு எதிரே இருந்து ஏதோ கதைத்துக்கொண்டிருந்தாள், எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கமராவில் பார்த்த பிள்ளையைக் குழந்தை என்றுதான் எவரும் சொல்வார்கள்.

வழக்கு, அபராதம் எல்லாம் வருகிறபடி வரட்டும், அதற்கு வக்கீல் இருக்கிறார். நான் கேட்பது வேறு. என் கடையில் போஸ்டர் இருக்கிறது, டில் கேள்வி கேட்கிறது, பெடியனும் பயிற்சித் தாளில் கையொப்பம் வைத்திருக்கிறான். எல்லாம் இருந்தும் விற்றுவிட்டோம். இனி நடக்காமலிருக்க உண்மையில் என்ன செய்ய வேண்டும்?

#2 லைசென்ஸ் ரீச்சர்

அண்ணா, மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. நான் பர்சனல் லைசென்ஸ் (குடிவகை விற்பனைக்கான தனிநபர் அனுமதி) வகுப்பைத் தமிழில் எடுக்கிறவள். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003ஆம் ஆண்டு லைசென்சிங் சட்டம்தான் அடிப்படை. 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பது 146ஆம் பிரிவுப்படி குற்றம். விற்ற ஆளுக்கு அந்த இடத்திலேயே 90 பவுண் தண்டம் எழுதலாம், வழக்கும் போடலாம். நீதிமன்றம் போனால் அபராதத்துக்கு உச்சவரம்பு கிடையாது. அதே கடையில் மூன்று மாதத்துக்குள் இரண்டாம் தரம் நடந்தால் 147ஏ பிரிவு வரும். அது லைசென்ஸ் வைத்திருப்பவரின் தலையில் நேராக விழுகிற குற்றம். வழக்குக்குப் பதிலாக 48 மணித்தியாலத்திலிருந்து 336 மணித்தியாலம் வரை, அதாவது இரண்டு நாளிலிருந்து 14 நாள் வரை, குடிவகை விற்பனையை நிறுத்திவைக்கவும் வழி இருக்கிறது. இதெல்லாவற்றையும் விடப் பெரியது லைசென்ஸ் ரிவியூ, அதாவது கடையின் லைசென்ஸைத் திரும்ப விசாரிப்பது. நிபந்தனை கூட்டலாம், மூன்று மாதம் வரை இடைநிறுத்தலாம், ஒரேயடியாகப் பறிக்கவும் செய்யலாம். ஆகவே அண்ணா, உங்களுக்கு இந்த மூன்று மாதம் மிக முக்கியம். தவறிய கடைக்கு வழக்கமாகத் திரும்பவும் வருவார்கள்.

முதலாளி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. விற்றவர் வேறொருவராக இருந்து, இது நடக்காமலிருக்கத் தான் செய்யக்கூடியதை எல்லாம் செய்தேன் என்று நிரூபித்தால் தப்பலாம். ஆனால் போஸ்டரையும் ஒரு பழைய கையொப்பத்தையும் காட்டி அதை நிரூபிக்க முடியாது. கடைசியாக எப்போது பயிற்சி கொடுத்தீர்கள், மறுத்த விற்பனைகளை எழுதும் புத்தகம் எங்கே, அதை யார் பார்க்கிறார்கள் என்று கேட்பார்கள்.

அந்தப் பெடியனுக்குப் பயிற்சியை எந்த மொழியில் கொடுத்தீர்கள்?

#3 மூலைக்கடை

ஆங்கிலத்தில்தான் ரீச்சர். மொத்த வியாபாரக் கடையில் கொடுத்த நான்கு பக்கத் தாள். வாசித்துக் கையொப்பம் வை என்றேன், வைத்தான். அதோடு சரி.

#4 பழைய ஆள்

27 வருடம் கடை வைத்திருந்தவன் சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. எல்லாப் பழியையும் சின்னக் கடைக்காரன் தலையில் போடுகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அதிகமாகக் குடிவகை கிடைப்பது சொந்த வீட்டில். அரசாங்கத்தின் பாடசாலைக் கணக்கெடுப்புகளே அதைத்தான் சொல்கின்றன. இந்த நாட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குத் தாய் தகப்பன் வீட்டில் ஊற்றிக் கொடுத்தால் குற்றமே இல்லை. 1933ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து வயதுக்குக் கீழே கொடுப்பதைத்தான் தடுக்கிறது. பெரிய சூப்பர்மார்க்கட்டில் வாசலுக்கு ஆள் நிற்கிறான், டில்லுக்கு மேல் மனேஜர் நிற்கிறான். எங்களிடம் என்ன இருக்கிறது? 24 வயதுக்காரனிடம் ஐடி கேட்டால் அவன் அடுத்த கடைக்குப் போய்விடுவான், பிறகு பால் வாங்கவும் வரமாட்டான்.

#5 டில்பெடியன்

முதலாளிமார் கதைக்கும் இடத்தில் வேலைக்காரன் ஒருவனும் கதைக்கலாமா? நான் இரண்டு வருடமாக ஒரு ஓஃப் லைசென்ஸில் (குடிவகைக் கடையில்) பின்னேரமும் இரவும் நிற்கிறேன்.

ஐடி கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். மூலைக்கடை அண்ணையின் பெடியனுக்கும் தெரிந்திருக்கும். அந்த நேரத்தில் வாய் வரவேண்டுமே, அதுதான் கஷ்டம்.

போன குளிர்காலம் ஒரு இரவு, பத்து மணி இருக்கும். ஐந்து பேர் வந்தார்கள். உயரமான பிள்ளைகள்தான், ஆனாலும் முகத்தில் மீசை சரியாக அரும்பவில்லை. ஒருவன் வொட்கா கேட்டான், மற்றவன் கதவைக் காலால் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். "ஐடி இருக்கா?" என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவன் என்னுடைய உச்சரிப்பைத் திரும்பச் சொல்லிக் காட்டினான், எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் சொக்லேட் ஸ்டாண்டைத் தள்ளிவிட்டான். நான் கொடுக்கவில்லை. போகும்போது "எத்தனை மணிக்குக் கடை பூட்டுவாய்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பதினொரு மணிக்கு ஷட்டரை இழுக்கும்போது கை நடுங்கியது.

அடுத்த நாள் முதலாளிக்குச் சொன்னேன். "சரி சரி, ஆனால் ஆளைப் பார்த்துக் கேள், நல்ல கஷ்டமரை விரட்டிவிடாதே" என்றார். கெட்டவர் இல்லை, அவருக்கும் கடன் இருக்கிறது. ஆனால் அன்றோடு எனக்கு விளங்கிவிட்டது. மறுத்தால் நான் தனியாக அடி வாங்குவேன். விற்றால் பத்து செக்கனில் பிரச்சினை வெளியே போய்விடும். அதற்குப் பிறகு ஒரு நாளும் விற்கவில்லை என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது. ஒரு தரம் முகத்தைப் பார்க்காமல் பச்சையை அழுத்தியிருக்கிறேன். பார்த்தால் கேட்க வேண்டி வரும் என்று தெரிந்தே பார்க்கவில்லை.

#6 மூலைக்கடை

தம்பி, நீங்கள் எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். "ஆளைப் பார்த்துக் கேள்" என்று நானும் சொல்லியிருக்கிறேன். அதே வார்த்தைதான்.

இன்று காலை எங்கள் பெடியனைக் கூப்பிட்டு, ஏன் முகத்தைப் பார்க்கவில்லை என்று ஏசாமல் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். அப்புறம் "லைன் நீண்டால் நீங்கள் பின்னால் இருந்து சத்தம் போடுவீர்கள் அண்ணை" என்றான்.

#7 இரவுத் தாதி

பழைய ஆள் ஐயாவுக்கு ஒரு விசயம் சொல்ல வேண்டும். நான் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். வீட்டில் கிடைக்கிறது என்று நீங்கள் சொல்வது உண்மைதான், நானும் பார்க்கிறேன். ஆனால் வீட்டில் ஒரு கிளாஸ் குடித்த பிள்ளையைப் பெரும்பாலும் எங்களிடம் கொண்டுவருவதில்லை. எங்களிடம் வருகிற பிள்ளை பார்க்கில் குடித்த பிள்ளை. பெரியவர் பக்கத்தில் இல்லாமல், ஒரு போத்தல் வொட்காவை நான்கு பேர் பந்தயம் பிடித்துக் குடித்திருப்பார்கள். ஒரு மாசி மாத இரவு 14 வயதுப் பிள்ளை ஒன்று வந்தது. உடம்பு ஐஸ் மாதிரி. ஒரு சப்பாத்து இல்லை. தலைமயிரில் வாந்தி காய்ந்து ஒட்டியிருந்தது. கூட வந்த சிநேகிதி பயத்தில் தன் பெயரையே மாற்றிச் சொன்னாள். மதுபானம் தோலுக்கு இரத்தத்தை இழுக்கும், வெளியே குளிரில் கிடந்தால் உடம்புச் சூடு மளமளவென்று இறங்கும். சின்ன உடம்பில் இரத்தச் சர்க்கரையும் விழும். மயக்கத்தில் வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அன்றைக்கு அந்தப் பிள்ளை பிழைத்தது. யாரோ நாயைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தபடியால் பிழைத்தது.

2009இல் இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கொடுத்த ஆலோசனை இப்போதும் நல்ல ஆலோசனைதான். 18 வயது வரை குடிக்காமலிருப்பதே நல்லது, குறைந்தபட்சம் 15 வயதுக்கு முன்னர் வேண்டவே வேண்டாம். எங்கள் ஆட்களின் வீடுகளிலும் கல்யாண வீட்டில், பிறந்தநாள் வீட்டில் "ஒரு வாய் பார் தம்பி" என்று பியரை நீட்டுகிறார்கள். அதையும் நிறுத்த வேண்டும். ஆனால் அதைக் காட்டிக் கடைக்காரர் கையைக் கழுவ முடியாது ஐயா.

#8 பழைய ஆள்

பிள்ளை, கையைக் கழுவச் சொல்லவில்லை. நான் எழுதிய விதம் பிழை. எனக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. பிள்ளை நேரே வந்தால் ஐடி கேட்கலாம். வெளியில் நின்றுகொண்டு வேறு ஒருவரை அனுப்பினால் எப்படிப் பிடிப்பது?

#9 இங்கே பிறந்தவன்

ஐயா, நான் 15 வயதில் அப்படி வாங்கியவன். இப்போது 31, எனக்கு ஒரு மகன் இருக்கிறான். ஆகவே உள்ளதைச் சொல்கிறேன்.

எந்தக் கடையில் கேட்க மாட்டார்கள் என்று முழுப் பாடசாலைக்கும் தெரியும். ஒரு கடையில் ஒரு நாள் ஒருவனுக்குக் கொடுத்தால், அடுத்த வெள்ளிக்குள் நாற்பது பேருக்குச் செய்தி போய்விடும். அதேபோல ஒரு கடையில் இரண்டு கிழமை விடாமல் மறுத்தால் அந்தக் கடைப் பக்கம் எவனும் போகமாட்டான். இதைக் கடைக்காரர்கள் விளங்கிக்கொள்வதில்லை. கண்டிப்பான முதல் மாதம்தான் கஷ்டம்.

எங்களுக்குச் சுலபமாக இருந்தது ஒரு தமிழ்க் கடை. அங்கிளுக்கு அப்பாவைத் தெரியும், என்னையும் சின்ன வயதிலிருந்து தெரியும். "அப்பா வாங்கிவரச் சொன்னவர்" என்றால் போதும். தெரிந்த பிள்ளை என்ற பாசத்தில் கொடுத்தார். அவர் ஒரு தரம் அப்பாவுக்குப் போன் எடுத்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

பெரியவரை அனுப்பும் முறை இப்படித்தான். கடைக்கு வெளியே நேராக நிற்கமாட்டோம், பஸ் தரிப்பில் நிற்போம். தனியாக வரும் இளைஞனையோ, காசு இல்லாத ஒருவரையோ பிடித்து, இரண்டு மூன்று பவுண் கூடக் கொடுப்போம். அவர் கையில் நாங்கள் சேர்த்த சில்லறையும் கசங்கிய ஐந்து பவுண் தாள்களும் இருக்கும். வழக்கமாகக் கறுப்பு பியர் வாங்குகிறவர் திடீரென்று பழச்சுவைச் சைடர் நான்கு கேட்பார். எந்த நிறம் என்று கேட்டால் வெளியே திரும்பிப் பார்ப்பார். அந்தத் திரும்பிப் பார்க்கிற பார்வையை டில்லில் நிற்பவர் கவனித்தால் போதும்.

#10 லைசென்ஸ் ரீச்சர்

அருமையாகச் சொன்னீர்கள் தம்பி. பிள்ளைக்காக வாங்கிக் கொடுப்பது 149ஆம் பிரிவில் வாங்குகிறவருக்கே குற்றம். சந்தேகம் வந்தால் மறுக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. கடையில் விலை ஒட்டும்போது போத்தலில் உங்கள் கடைக்கென்று ஒரு சின்ன அடையாளம் வைக்கலாம். பார்க்கில் பொலிஸ் பறித்த போத்தல் எந்தக் கடையிலிருந்து வந்தது என்று அதை வைத்துப் பிடிப்பார்கள். உங்கள் போத்தல் அங்கே இல்லை என்றால் அது உங்களுக்கே சாட்சி.

பிள்ளை, ஆசிரியர், பொலிஸ், கடைக்காரர் எல்லோரையும் ஒரே மேசையில் இருத்துகிற கொம்யூனிட்டி அல்கஹோல் பார்ட்னர்ஷிப் என்ற முறை 2007இல் கேம்பிரிட்ஜ்ஷயரில் செயின்ட் நீயட்ஸ் என்ற ஊரில் தொடங்கியது. உங்கள் பகுதியில் இருக்கிறதா என்று கவுன்சிலில் கேளுங்கள்.

ஐடி விசயமும் சொல்லிவிடுகிறேன். படம், பிறந்த திகதி, அப்புறம் ஹொலோகிராம் அல்லது ஊதா வெளிச்சத்தில் தெரியும் அடையாளம், இந்த மூன்றும் வேண்டும். கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், பாஸ் (வயதுச் சான்று அட்டைகளுக்கான திட்டம்) ஹொலோகிராம் உள்ள அட்டை போதும். கடவுச்சீட்டைப் போனில் படம் பிடித்துக் காட்டினால் ஏற்காதீர்கள். அண்ணனின் லைசென்ஸைத் தம்பி கொண்டுவருவது அடிக்கடி நடக்கும். அட்டையைக் கையில் வாங்கி, முகத்தைப் பார்த்து, போஸ்ட்கோட் கேளுங்கள். சொந்த அட்டை என்றால் யோசிக்காமல் சொல்வார்கள்.

குடும்பக் கடைகளுக்கு இன்னொன்று. 16 வயது மகனையோ மகளையோ டில்லில் விட்டுவிட்டு மேலே சாப்பிடப் போகிறீர்களா? 18 வயதுக்குக் குறைந்தவர் குடிவகை விற்பதாக இருந்தால், பொறுப்பான பெரியவர் ஒவ்வொரு விற்பனைக்கும் தனித்தனியாகச் சம்மதம் சொல்ல வேண்டும். இது 153ஆம் பிரிவு. என் வகுப்பில் பாதிப் பேருக்கு இது புதுச் செய்தி.

#11 கிளாஸ்கோ அண்ணன்

ஸ்கொட்லாந்திலிருந்து ஒரு சொல். இங்கே 25 வயதுக்குக் குறைவாகத் தெரிந்தால் ஐடி கேட்பது 2011 ஒக்டோபர் 1இலிருந்து சட்டம். இங்கிலாந்தில் வயதைச் சரிபார்க்க ஒரு கொள்கை இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை, 25 என்பது 18க்கு மேலே பாதுகாப்பான இடைவெளியாகக் கடைகள் தாங்களாக எடுத்துக்கொண்டது. சட்டமாக வந்தபிறகு டில்லில் சண்டை குறைந்ததை என் கண்ணால் பார்த்தேன். "அடுத்த கடையில் கேட்க மாட்டான்" என்று சொல்ல எவருக்கும் முடியவில்லை, எல்லாக் கடையிலும் கேட்டோம். பழைய ஆள் சொன்ன பயத்துக்கு அதுதான் மருந்து. ஒரு தெருவில் உள்ள ஐந்து கடைக்காரர்களும் கூடிப் பேசி எல்லோரும் 25 என்று வைத்தால், கஷ்டமர் போவதற்கு வேறு கடை இல்லை.

டில்பெடியன் தம்பிக்கு ஒன்று. இங்கே 2021இல் கடைத் தொழிலாளரைத் தாக்குவதைத் தனிக் குற்றமாக்கினார்கள். வயது கேட்டதற்காகத் தாக்கினால் அது இன்னும் பாரதூரமாக எடுக்கப்படும். நீங்கள் கேட்பது உங்கள் சொந்த விருப்பம் இல்லை, சட்டம் உங்களைக் கேட்க வைக்கிறது.

#12 ஸ்காபரோ

ஒன்ராரியோவில் 2024 செப்ரெம்பர் 5இலிருந்துதான் எங்களைப் போன்ற சின்னக் கடைகளில் பியரும் வைனும் விற்க விட்டார்கள். இங்கே வயது 19. நாங்கள் இந்த வேலைக்குப் புதிது, ஆகவே இந்த இழையை அச்சடித்துக் கடையில் வைத்துவிட்டேன். ஒரு கவனம் மட்டும் சொல்கிறேன். ஊரிலிருந்து வருகிற பெடியளுக்கு இலங்கையில் 21 என்று பழக்கம், இங்கே 19, அங்கே 18. வந்த முதல் நாளே இலக்கத்தைச் சொல்லிக் கொடுங்கள்.

#13 டில்பெடியன்

ரீச்சர், மறுக்கும்போது என்ன சொல்வது? சட்டம் விளங்குகிறது. சொல்லுத்தான் வருவதில்லை.

#14 லைசென்ஸ் ரீச்சர்

இதுதான் சரியான கேள்வி தம்பி. போத்தலை டில்லின் உள்பக்கம் எடுத்து வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்து, சிரிக்காமல் முறைக்காமல் ஒரே வசனம். "25க்குக் குறைவாகத் தெரிகிற எல்லோரிடமும் கேட்கிறோம், ஐடி இல்லாமல் விற்றால் என் வேலை போய்விடும்." அவ்வளவுதான். "நீ சின்னப் பிள்ளை" என்று சொல்லாதீர்கள், அதில்தான் சண்டை தொடங்கும். விளக்கம் கேட்டால் அதே வசனத்தைத் திரும்பச் சொல்லுங்கள். பயமுறுத்தினால் போத்தலுக்காக அடி வாங்க வேண்டாம், பின்னால் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு 999 எடுங்கள். வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் இருபது தரம் ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். என் வகுப்பில் நான் கஷ்டமராக நின்று கத்துவேன், அவர்கள் மறுக்க வேண்டும். மூன்றாம் தரத்தில் குரல் வந்துவிடும்.

மறுத்த புத்தகத்தை ஆங்கிலத்தில் எழுதுங்கள், அதிகாரிகள் வாசிக்க வேண்டும். பயிற்சியைத் தமிழில் கொடுங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு தரம்.

#15 மூலைக்கடை

ஐந்து கிழமை கழித்து எழுதுகிறேன். வழக்கு இன்னும் முடியவில்லை. கடையில் செய்ததைச் சொல்கிறேன்.

சைடரும் சின்ன வைன் போத்தல்களும் கதவடியில் இருந்தன. அவற்றை டில்லுக்கு நேர் எதிரே கொண்டுவந்துவிட்டேன், எடுக்கும்போதே ஆள் தெரியும். வெள்ளி, சனி பின்னேரம் ஐந்திலிருந்து பத்து வரை டில்லில் இரண்டு பேர், அதில் ஒருவன் நான். அந்தப் பத்து மணித்தியாலத்துக்கு நான் பெட்டி பிரிப்பதில்லை. அது செலவுதான், ஆனாலும் செய்கிறேன். தெருவில் உள்ள மற்ற மூன்று கடைக்கும் போய்க் கதைத்தேன். ஒரு பஞ்சாபிக்காரரும் ஒரு துருக்கிக்காரரும் உடனே சரி என்றார்கள். மூன்றாமவர் எங்கள் ஆள், யோசித்துச் சொல்கிறேன் என்றார். திரும்பப் போவேன்.

பெடியனை நிறுத்தவில்லை. அவனுக்கு முன்னால் நின்று ஒரு வசனம் சொன்னேன். நீ மறுத்தால் யார் வந்து கத்தினாலும் நான் உன் பக்கம், பிழையாக ஒரு 30 வயதுக்காரரை மறுத்தாலும் உன் பக்கம். முதல் கிழமை அவன் நம்பவில்லை. போன சனிக்கிழமை எங்களிடம் வழக்கமாக வருகிற ஒருவர், 26 வயது, ஐடி இல்லை என்று கோபப்பட்டு என்னைக் கூப்பிட்டார். அவர் வாரத்துக்கு நாற்பது பவுணுக்காவது வாங்குகிறவர். பெடியன் என் முகத்தைப் பார்த்தான். "அவன் சொன்னது சரி" என்றேன். அவர் போத்தலை வைத்துவிட்டுப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை லைசென்ஸோடு திரும்பி வந்தார்.

மறுத்த புத்தகத்தில் இன்று வரை 23 பதிவு. அதில் 17 முதல் இரண்டு கிழமையில். இங்கே பிறந்தவன் தம்பி சொன்னது அப்படியே நடந்தது, செய்தி பரவிவிட்டது.

#16 இரவுத் தாதி

அண்ணா, அந்த மூன்றாவது கடைக்காரரிடம் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போகலாம். நான் இருக்கும் இடம் தூரம் என்றால் போனில் கதைக்கிறேன். அந்த மாசி மாத இரவை அவருக்கும் சொல்கிறேன்.

#17 டில்பெடியன்

நேற்றிரவு மூன்று பேரிடம் கேட்டேன். ரீச்சரின் வசனம்தான், ஒரு சொல்லும் மாற்றவில்லை. ஒருவன் ஏசினான், ஒருத்தி ஐடி எடுத்துக் காட்டினாள், 22 வயது. மூன்றாவது பெடியன் ஒன்றும் சொல்லாமல் போத்தலைத் திரும்பத் தட்டிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு, ஒரு பை சிப்ஸ் வாங்கிக்கொண்டு போனான்.

மூலைக்கடை அண்ணை, நீங்கள் எழுதியதை என் முதலாளிக்கு வாசித்துக் காட்டினேன். மறுத்த புத்தகம் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கச் சொன்னார்.

#18 மூலைக்கடை

வாங்கத் தேவையில்லை தம்பி. ஒரு சாதாரணக் கொப்பி போதும். திகதி, நேரம், என்ன சாமான், ஆள் எப்படி, யார் மறுத்தது என்று ஐந்து கோடு இழுத்தேன். அதை டில்லுக்குப் பக்கத்தில் பேனையோடு கட்டி வையுங்கள், இல்லையென்றால் பேனையைத் தேடுகிற நேரத்தில் எழுதாமல் விட்டுவிடுவீர்கள். முதலாளி ஒவ்வொரு கிழமையும் அடியில் கையொப்பம் வைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். விரும்பினால் அவரை எனக்குப் போன் எடுக்கச் சொல்லுங்கள்.